தரையில் கொட்டிய அரை டம்ளர் தண்ணீர்: பாலைவன நாடோடிப் பெண்களைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

செங்கோட்டைக்காரி

பத்து வருடமாக யாரிடமும் சொல்லாத விஷயம். சொல்லப்போனால் பெரிய விஷயம்கூட இல்லை. ஆனாலும் இன்றைக்கும் தொட்டியில் டம்ளரைக் கவிழ்க்கப் போனால் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

ராஜஸ்தானில் பாலி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் 3 வருடம் இருந்தேன். தீபாவளி கழிந்து ராய்காக்கள் என்ற மேய்ச்சல்காரர்கள் செம்மறிகளோடு கிளம்பும் நேரம். பல குடும்பத்து மந்தைகள் ஒன்றாகச் சேர்ந்து போகும், அதை டாங் என்பார்கள். கூட்டத்துக்கு ஒரு தலைவர், நம்பர்தார் என்று பெயர். மத்தியப் பிரதேசம், ஹரியானா, உத்தரப் பிரதேசம் என்று எங்கெல்லாமோ மேய்த்துவிட்டு அடுத்த மழை தொடங்கும்போது ஊர் திரும்புவார்கள். எங்கள் கிளை பியூனுக்கு அதில் ஒரு குடும்பம் பழக்கம். ஒரு சாயங்காலம் "வாங்க மேடம், பார்த்துவிட்டு வரலாம்" என்று கூட்டிப் போனார்.

நாங்கள் போய் நிற்கவும் ஒட்டகங்கள் வந்து உட்காரவும் சரியாக இருந்தது. கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒட்டக முதுகில் கட்டியிருந்தார்கள், நாலு காலும் வானத்தைப் பார்த்தபடி. அதற்குள்ளே கம்பளி, பாத்திரம், பிறந்து நடக்க முடியாத குட்டிகள், ஒரு கைக்குழந்தை. அத்தனையையும் இறக்கியது ஒரே பெண். நாற்பது வயது இருக்கும். முழங்கைக்கு மேலே தோள் வரைக்கும் வெள்ளை வளையல். கட்டிலை இறக்கி, குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாயிடம் விட்டு, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி, கம்பு மாவு பிசைந்து... நான் செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கி முடிப்பதற்குள் முதல் சோக்ரா ரொட்டி கல்லில் கிடந்தது. எந்த வழியாகப் போவது என்று ஆண்கள் முடிவு செய்வார்களாம். போய்ச் சேர்ந்த பொட்டலை வீடாக்குவது முழுக்க இவர்கள் வேலை.

எனக்கு லோட்டாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கொஞ்சம் உப்புக் கரித்தது. பாதி குடித்தேன். பேசிக்கொண்டே மீதியைப் பக்கத்தில் கொட்டிவிட்டேன். வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து முற்றத்தில் கொட்டுவோமே, அந்தப் பழக்கம். யோசித்துச் செய்யவே இல்லை.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முகம்கூட மாறவில்லை. பக்கத்தில் நின்ற ஏழெட்டு வயதுப் பெண் மட்டும் தரையைப் பார்த்தாள். ஈரம் பட்ட இடத்துக்கு ஒரு குட்டி வந்தது. முன்காலை மடக்கிக்கொண்டு மண்ணை நக்கியது. நக்க நக்க மூக்கில் மண் ஒட்டியது. அந்தப் பெண் அதைத் தூக்கித் தன் பாவாடை ஓரத்தால் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். திரும்பும் வழியில் கேட்டேன். அந்தத் தண்ணீர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பம்புசெட்டிலிருந்து தலைச்சுமையாக வந்தது.

இப்படி உங்களுக்கும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஹஃபர் டிரைவர்

அக்கா, நான் தண்ணீர் லாரி ஓட்டினவன். சவூதியில் ஹஃபர் அல் பாத்தின் பக்கம், 2009 முதல் 2013 வரை. பதூக்கள் என்ற அரபு நாடோடிகளின் கூடாரத்துக்கும் ஒட்டகப் பட்டிக்கும் தண்ணீர் கொண்டுபோய் இறக்குவதுதான் வேலை. ஆட்டுமயிர்க் கூடாரத்துக்குள்ளே ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரித்து நெய்த திரை ஒன்று தொங்கும். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக இருக்கும். ஸதூ என்று சொல்வார்கள். 2020-ல் யுனெஸ்கோ அந்த நெசவைத் தன் பட்டியலில் சேர்த்ததாகச் செய்தி வந்தபோது எனக்கு நாலைந்து கூடாரம் ஞாபகம் வந்தது. நான்கு வருடத்தில் அந்தத் திரையின் இந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக்காரர்களில் ஒரே ஒருவரை மட்டும் பார்த்தேன், அதுவும் வெட்டவெளியில்.

2011 பிப்ரவரி. மழை பெய்து ஓய்ந்த வாரம். பின்சக்கரம் மணலில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. ஏற ஏற மிதித்து இன்னும் ஆழமாக்கிவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து ஒரு ஹைலக்ஸ் பிக்கப் வந்தது. ஓட்டி வந்தது ஒரு அம்மா. உச்சி முதல் பாதம் வரை கறுப்பு, கண் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பையன்.

இறங்கி என் லாரியைச் சுற்றி வந்தார். "ஹவா, ரஃபீக், ஹவா" என்றார். காற்றைப் பிடுங்கு என்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் அவரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியை ஒடித்து டயர் வால்வில் வைத்து அழுத்திவிட்டார். விரல் நுனியெல்லாம் மருதாணி. கட்டைவிரல் பக்கம் தோல் காய்த்துப் போய் நம் ஊர்க் கொத்தனார் கைபோல இருந்தது. தலையைச் சாய்த்துச் சீறல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். போதும் என்று தோன்றியதும் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல டயரை உள்ளங்கையால் ஒரு தட்டு. அடுத்த டயர். அப்புறம் கையைக் காட்டிக் காட்டிப் பின்னால் எடுக்கச் சொன்னார். லாரி வெளியே வந்துவிட்டது.

ஃபகா பொறுக்க வந்தார்களாம் அம்மாவும் மகனும். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி விளையும் காளான், அங்கே நல்ல விலை போகும். இடி இடித்தால் முளைக்கும் என்று அவர்களும் சொல்கிறார்கள். எனக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். ஃபிளாஸ்கிலிருந்து காவா, அதாவது அரபுக் காப்பி, ஊற்றிக் கொடுத்தார்.

இதுவரை எல்லாம் சரி. என்னை உறுத்துவது அதற்கப்புறம் நடந்தது. அவர் வண்டிக்குப் பின்னாலேயே தார்ச்சாலை வரைக்கும் வந்தேன். பைப்லைன் ஓரமாகப் போகுமே, டேப்லைன் ரோடு, அதுதான். ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் ஹைலக்ஸ் நின்றது. அந்த அம்மா இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். பையன் ஸ்டியரிங்குக்கு நகர்ந்தான். பெடல் எட்டுவதற்காக சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்து, தலையை நீட்டி ரோட்டைப் பார்த்து, கிளம்பிவிட்டான்.

பெண்கள் ஓட்டலாம் என்று அங்கே சட்டம் மாறியது 2018 ஜூனில். அன்றைக்கு மனைவியைப் போனில் கூப்பிட்டு அந்த அம்மாவைப் பற்றித்தான் பேசினேன்.

எல்லைச்சாமி

தங்கச்சி, அரை டம்ளர் தண்ணீருக்கு இவ்வளவு மனம் நோக வேண்டியதில்லை, அந்த அம்மா அன்றைக்கே மறந்திருப்பார். பார்மர், ஜெய்சல்மேர் எல்லையில் 11 வருடம் நின்றவன் சொல்கிறேன். அந்த ஜனங்களுக்குத் தண்ணீர் எங்கே இருக்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். மழை நீரைத் தரைக்கடியில் தொட்டி கட்டிச் சேர்ப்பார்கள், டாங்கா என்று பெயர். மணலுக்கடியில் ஜிப்சம் படுகை ஓடும். அதற்கு மேலே தேங்கும் நீரை எடுக்க ஒடுக்கமாகக் கிணறு தோண்டுவார்கள், பேரி என்று பெயர். நாம் பரிதாபப்பட்டால் அவர்களுக்குப் பிடிக்காது.

என் கதை சின்னது. 1997 மே மாதம் ரோந்து போகும்போது புழுதிப்புயல் கிளம்பிவிட்டது. அங்கே ஆந்தி என்பார்கள். கூட வந்தவனைக் காணவில்லை. ஒரு ரபாரி கிழவி (ராய்காக்களைப் போல அவர்களும் மேய்ச்சல்காரர்கள்) ஒட்டகத்தை உட்கார வைத்து, அதன் மறைவில் என்னை இழுத்து உட்கார வைத்து, தன் கம்பளி முக்காட்டை இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். நாற்பது நிமிடம் இருக்கும். கம்பளிக்குள்ளே நெய் வாசமும் புகை வாசமும். ஒட்டகத்தின் விலா ஏறி இறங்குவது மட்டும் என் முதுகில் தெரிந்தது. புயல் அடங்கியதும் முக்காட்டை உதறிப் போட்டுக்கொண்டு ஆடுகளை எண்ணப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது அந்தப் பக்கம் போகக் கிளம்பினால், தயவுசெய்து சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுபோகிற ஆளாகப் போங்கள், கேட்கிற ஆளாகப் போகாதீர்கள். கோடையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டராவது வேண்டும், அதோடு உப்பும் சர்க்கரையும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பருத்தித் துண்டைத் தலையில் கட்டுங்கள், தொப்பி உதவாது, காற்றில் பறக்கும். டிரைவர் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, மணலில் இறங்கும் முன்பே டயரில் காற்றைக் குறையுங்கள், மாட்டிக்கொண்ட பிறகு அல்ல. காலையில் ஷூவைத் தட்டாமல் காலை நுழைக்காதீர்கள். சுருட்டை விரியன் அங்கே மணலுக்குள் கண் மட்டும் வெளியே தெரியப் புதைந்து கிடக்கும். அதன் கடிக்குக் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக மருத்துவமனை.

டாங்காவைச் சுற்றிச் சரிவாகச் சுத்தம் செய்த தரை இருக்கும், ஆகோர் என்பார்கள். செருப்போடு அதில் கால் வைக்காதீர்கள். அந்தத் தரையில் விழும் மழைதான் அவர்கள் குடிக்கிற தண்ணீர். டாங்காவின் மூடி திறந்திருந்தாலும் கேட்காமல் மொள்ளாதீர்கள். வன்னி மரத்தை அங்கே கேஜ்ரி என்பார்கள், அதில் ஒரு குச்சியும் ஒடிக்காதீர்கள். 1730-ல் அந்த மரத்துக்காக 363 பிஷ்னோய் ஜனங்கள் உயிரைக் கொடுத்த மண் அது. பெண்களைப் போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுப்பதும் கேட்காமல் எடுப்பதுதான். குழந்தைகளுக்கு மிட்டாய் வீசாதீர்கள். எதையாவது கொடுக்க ஆசைப்பட்டால் அவர்கள் விற்கும் நெய்யையோ கம்பளியையோ பேரம் பேசாமல் வாங்குங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், எங்கள் ஆள் ஒருவன் செய்து பெரிய பிரச்சினை ஆனது.

நூல்கண்டு

எல்லைச்சாமி ஐயா சொன்ன கம்பளி முக்காட்டைக் குஜராத்தின் கச்சுப் பகுதியில் லூடி என்பார்கள். கையில் பட்டால் சொரசொரவென்று இருக்கும். அங்கே தேபாரியா என்ற பிரிவு ரபாரி பெண்கள் உடுத்துவது பெரும்பாலும் கறுப்பு. ஏதோ ஒரு காலத்துத் துக்கத்தை இன்னும் காக்கிறோம் என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள்.

நான் கரூரில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் இருக்கிறேன். 2012-ல் பழைய எம்பிராய்டரி மாதிரிகள் தேடிக் கச்சுக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டில் வயதான அம்மா தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குழந்தைக் குல்லாய், முதுகில்லாத ரவிக்கை, சீர் கொடுக்கும் கொத்தளோ பை. சங்கிலித் தையலில் கிளி, கோயில், ஒட்டகம், நடுநடுவே கண்ணாடிச் சில்லு. அவர் கழுத்திலும் முன்கையிலும் அதே மாதிரி புள்ளிப் புள்ளியாகப் பச்சை குத்தியிருந்தது. துணியில் தைத்ததும் உடம்பில் குத்தியதும் ஒரே கோலம்.

அடியில் ஒரு பை இருந்தது. ஒரு தேளைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுபோயிருந்தது. உடம்பு முடிந்து, வாலில் பாதி வரைக்கும் வந்து, அங்கேயே ஊசி குத்தி விடப்பட்டிருந்தது. ஊசி துருப்பிடித்து, சுற்றிலும் துணியில் பழுப்பு வட்டம் பரவியிருந்தது.

விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், 1995-ல் தேபாரியா பெரியவர்கள் கூடி, இனி நம் பெண்கள் தங்களுக்காக எம்பிராய்டரி போடக் கூடாது என்று தடை விதித்துவிட்டார்கள். சீருக்கு வேண்டிய துணியைத் தைத்து முடிக்காமல் பெண் புகுந்த வீடு போக முடியாது. அது வருடக்கணக்காக இழுத்தது. அதனால் தடை. அன்றைக்குக் குத்திய ஊசி அது. மகளுக்காகத் தைத்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மொழிபெயர்த்த பையனிடம், "கரூரில் எங்களிடம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் இருக்கிறது, இந்த வாலை அப்படியே முடித்து அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லச் சொன்னேன். உதவி என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா பையனிடம் ஏதோ கேட்டார். பையன் எனக்குச் சொல்லவில்லை. அவர் பையை மடித்து, ஊசி குத்தாதபடி உள்பக்கமாக வைத்து, பெட்டியைப் பூட்டிவிட்டார். வண்டியில் வரும்போதுதான் பையன் சொன்னான், "முடித்து யாருக்குக் கொடுக்கப் போகிறான் என்று கேட்டாங்க."

இப்போது அந்தப் பெண்கள் கடையில் வாங்கும் ஜரிகை, லேஸ், ரிப்பன் எல்லாவற்றையும் வைத்து ஹரி ஜரி என்று புது வேலை கண்டுபிடித்துத் தைக்கிறார்கள், அது வெளியே நன்றாக விற்கிறது. இருந்தாலும் ஆண்கள் கூடி உட்கார்ந்து பெண்களின் ஊசியைப் பிடுங்கியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாகர்கோவில் சிஸ்டர்

நூல்கண்டு அண்ணா, நீங்கள் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள். கல்யாணம் முடிந்தும் புருஷன் வீட்டுக்குப் போக முடியாமல் வருடக்கணக்கில் தைத்துக்கொண்டே இருந்த பெண்ணிடம் கேட்டால் வேறு பதில் வரும். நாள் முழுக்கத் தண்ணீர், விறகு, ஆடு என்று ஓடிவிட்டு, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தது அது. உங்களுக்கு அது மாதிரித் துணி. அவளுக்கு அது முடித்தே ஆக வேண்டிய பாக்கி. பெண்களைக் கேட்காமல் தடை போட்டது தப்பு, அதில் உங்களோடு சேர்கிறேன். ஆனால் அந்தத் தடையால் மூச்சு விட்ட பெண்களும் இருந்திருப்பார்கள்.

எல்லைச்சாமி ஐயா, உங்கள் பட்டியலில் ஒன்று விட்டுப்போச்சு. அவர்கள் உடம்பில் இருப்பது எதுவானாலும் அவிழ்க்கும் முன் கேட்க வேண்டும். அதை நான் கேட்கவில்லை.

ஓமனில் ஹைமா பக்கம், ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் இருந்தேன். 2006. ஹராசிஸ் என்ற பதூக்களின் ஊர் அது. ஊர் என்றால் வீடுகள் இல்லை. ஆறு இல்லை, ஊற்றும் இல்லை. 1958-ல் எண்ணெய் தேட வந்தவர்கள் ஹைமாவில் கிணறு தோண்டியதற்கு முன்னால் அவர்கள் பெரும்பாலும் ஒட்டகப் பாலிலும் ஆட்டுப் பாலிலும்தான் உயிர் பிடித்திருக்கிறார்கள். ஒட்டகம் ஆண்கள் பொறுப்பு, ஆடு பெண்கள் பொறுப்பு. எந்த ஆடு எந்தக் குட்டியின் தாய் என்று பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கர்ப்பிணியைப் பிக்கப்பின் பின்னால் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். வரும் வழியில் மயக்கம். முகத்தில் பர்கா கட்டியிருந்தாள். நம் ஊரில் சொல்லும் பர்தா வேறு. இது நீலச்சாயம் தோய்த்துப் பளபளவென்று தேய்த்த துணியில் செய்த முகமூடி. நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு குச்சி வைத்து விறைப்பாக நிற்கும். மூச்சு சரியாகப் பார்க்க வேண்டுமே என்று முடிச்சை அவிழ்த்து எடுத்துவிட்டேன். மூக்குத்தண்டும் கன்னமும் நீலம். நீலம் பாரித்துவிட்டது என்று கத்திவிட்டேன். ஆக்சிஜன் வை, டாக்டரைக் கூப்பிடு என்று ஒரே ஓட்டம். டாக்டர், கம்பவுண்டர், அவளைக் கொண்டுவந்த டிரைவர் என்று மூன்று ஆண்கள் கட்டிலைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். மாஸ்க்கைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்து இன்னொரு சிஸ்டர் கையைப் பிடித்துக் கீழே அமுக்கினாள். மறுபடி தூக்கினாள். மறுபடி அமுக்கினோம். விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளவு பார்க்கும் மெஷின் 98 காட்டியது. நகம் ரோஜா நிறத்தில் இருந்தது, நான் முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். அவள் மாமியார் ஆண்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, படுக்கை விரிப்பின் ஓரத்தை எச்சில் தொட்டு நனைத்து மருமகள் மூக்கைத் துடைத்தார். விரிப்பில் நீலம் இறங்கியது.

முகத்தை மூடத்தான் அவள் கையைத் தூக்கியிருக்கிறாள். இரண்டு தரம்.

காலையில் போய் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அவளும் நன்றாக இருந்தாள். பர்கா மறுபடி முகத்தில் இருந்தது. துணியைத் தொட்டுக் காட்டி "ஹிந்த்" என்றாள். இந்தியாவிலிருந்து வரும் துணியாம். அப்புறம் என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். என் விரலிலும் அந்த நீலம் ஒட்டியிருந்தது, இரண்டு நாள் போகவில்லை.

கிடைக்காரர் மகன்

செங்கோட்டைக்காரி அக்கா, அந்த டாங் வயலில் தங்கினால் வயல்காரர் சும்மா இடம் கொடுக்க மாட்டார். ஆட்டுப் புழுக்கைக்காகக் கூப்பிட்டுத் தங்க வைப்பார், தானியமோ பணமோ கொடுப்பார். ராமநாதபுரம் பக்கம் நாங்கள் கிடை போடுகிறோமே, அச்சு அசல் அதேதான். என் அம்மாவும் கிடையோடு நடந்தவர்தான், அதனால் சொல்கிறேன். உங்கள் தண்ணீரை அந்த அம்மா அன்றைக்கே மறந்திருப்பார் என்று எல்லைச்சாமி சொல்வது சரியில்லை. என் அம்மாவுக்கு எந்தக் கம்மாயில் எந்த வருடம் யார் தண்ணீர் எடுக்கவிடவில்லை என்று இன்றைக்கும் தெரியும். கோபத்தோடு சொல்ல மாட்டார், ஆனால் மறக்க மாட்டார். பரிதாபம் வேறு, கணக்கு வேறு.

ஜோத்பூரில் கால்நடைப் பயிற்சிக்குப் போனபோது சாத்ரி பக்கம் ஒட்டகம் வைத்திருக்கும் ராய்கா குடும்பத்தைப் பார்த்தேன். கறந்தவர் புருஷன். அதற்குள் அந்த அம்மா எருக்கஞ்செடியில் இரண்டு இலை பறித்து, காம்பில் வடிந்த பாலைப் பாவாடையில் துடைத்து, இலையைக் கிண்ணம்போல மடித்து நுரையோடு பால் ஊற்றி நீட்டினார். எருக்கம்பால் கண்ணில் பட்டால் குருடு என்று வளர்ந்தவன் நான். கை நீளவில்லை. அவர் பாவாடையைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒரே இடத்தில் வரிசையாகப் பழைய கறை, கரும்பழுப்பாகக் காய்ந்து போயிருந்தது. எத்தனை ஆயிரம் தடவை அந்த இடத்தில் காம்பைத் துடைத்திருப்பார். வாங்கிக் குடித்துவிட்டேன். லேசாக உப்புப் போட்ட மாதிரி இருந்தது.

எவ்வளவு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பால் விற்பது பிள்ளையை விற்பதற்குச் சமம் என்று சொல்லி வளர்ந்தவர்கள். பார்வதி மண்ணில் பிடித்த ஒட்டகத்தை மேய்ப்பதற்கென்றே சிவன் முதல் ராய்காவைப் படைத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. 2016-ல் ஒட்டகப் பாலுக்கு அரசு உணவுத் தர அனுமதி வந்தது, இப்போது பாட்டிலில் விற்கிறார்கள். விற்காவிட்டால் ஒட்டகத்தையே விற்க வேண்டும். 2012 கணக்கெடுப்பில் நாட்டில் 4 லட்சம் ஒட்டகம், 2019-ல் இரண்டரை லட்சம். கால்வாய் வந்தது, மேய்ச்சல் நிலம் வயலாகிவிட்டது, டிராக்டரும் லாரியும் வந்துவிட்டன. 2014-ல் ராஜஸ்தானில் மாநில விலங்கு என்று அறிவித்தார்கள், அடுத்த வருடம் அனுமதி இல்லாமல் வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி சட்டம் போட்டார்கள், வாங்க ஆள் இல்லை. இதெல்லாம் அந்த அம்மா சொன்னதல்ல. அவர் காசு விஷயம் காதில் விழாத மாதிரி இலையை வாங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டார். ஆடு எருக்கிலையைத் தின்றது.

செங்கோட்டைக்காரி

கிடைக்காரர் மகன் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மறந்திருப்பார் என்று சொன்னவர்கள் ஆறுதலுக்குச் சொன்னார்கள், தெரிகிறது. எனக்கு உங்கள் பதில்தான் சரியாகப் படுகிறது.

முதலில் எழுதும்போது விட்டுப்போனது ஒன்று. கிளம்பும்போது அந்த அம்மா என் செருப்பைக் கேட்டு வாங்கி, நான் பிடுங்கியும் உள்ளே முறிந்து நின்ற முள் நுனியைத் தன் பாவாடை மடிப்பில் குத்தியிருந்த ஊசியால் கெல்லி எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தெரியாமல் அந்த முள்ளோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கவனித்திருக்கிறார்.

சிஸ்டர் அக்கா, அந்தப் பெண் கையைத் திருப்பிப் பார்த்த இடம் மனதிலேயே நிற்கிறது.

சும்மா ஒரு வாசகி

டிரைவர் அண்ணா, அந்த அம்மாவை மறுபடி பார்த்தீர்களா? நீங்கள் தண்ணீர் இறக்கும் வழியில்தானே இருந்திருப்பார்கள்?

ஹஃபர் டிரைவர்

பார்க்கவில்லை தங்கச்சி. கூடாரம் எங்கே என்று கண்டுபிடித்தேன். அந்தப் பையனை அல் கைசூமாவில் கடைத்தெருவில் ஃபகா விற்கும்போது பார்த்தேன், அவன் வழி சொன்னான். எங்கள் லைனில் இல்லை, 30 கிலோமீட்டர் உள்ளே. அவர்களுக்கு வேறு ஆள் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தான். மாதம் ஒரு நடை நான் போகிறேன், அன்றைய தண்ணீரை என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். பைத்தியமா என்றார், அப்புறம் சரி என்றார்.

ஏப்ரல் கடைசியில் போனேன். முன்னாலேயே டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டுதான் இறங்கினேன். பையன் சொன்ன மேடு வந்தது, தொட்டி நின்ற இரும்பு ஸ்டாண்டின் தடம் நாலு குழியாக மணலில் இருந்தது. கூடாரம் இருந்த இடம் மட்டும் நீளச் சதுரமாகச் சுத்தமாக இருந்தது, சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. நடுவில் திரை தொங்கியிருக்கும் இடத்தில் கம்பு நட்ட மூன்று துளை வரிசையாக. ஒரு பக்கத்தில் காவா அடுப்பின் சாம்பல். இன்னொரு பக்கத்தில் பெரிய அடுப்பு, கரி பிடித்த கல், கிழிந்த சின்ன ரப்பர் செருப்பு ஒன்று, தறிக்கு அடித்த முளை நாலு. அந்தப் பக்கம் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஆள் இல்லை என்று தெரிந்தும் இந்தப் பக்கமே நின்றேன்.

புல் காய்ந்துவிட்டது, ரஃப்ஹா பக்கம் போய்விட்டார்கள் என்று பிறகு ஒருவர் சொன்னார். அது 250 கிலோமீட்டருக்கு மேல். லாரி நிறையத் தண்ணீர் இருந்தது. கொட்டவும் மனமில்லை. அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வேறு ஒரு பட்டியில் இறக்கினேன்.